கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் எத்தனை பேர்? கணக்கெடுப்பு அட்டவணைகளைப் பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்புரை

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வெளியான இரண்டு அட்டவணைத் தொகுதிகளை இங்கே மதிப்பிடுகிறேன். ஒன்று, யார் எங்கே பிறந்தார், இதற்கு முன் எங்கே குடியிருந்தார், எதற்காக ஊர் மாறினார் என்று சொல்லும் 'டி' வரிசை இடப்பெயர்வு அட்டவணைகள். மற்றொன்று, வேலைக்குச் செல்வோர் எவ்வளவு தூரம் செல்கிறார்கள், எதில் செல்கிறார்கள் என்று சொல்லும் பி-28. இரண்டுமே கணக்கெடுப்பு ஆணையரின் இணையதளத்தில் எக்செல் கோப்புகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து காலை வேளையில் புதுச்சேரிக்குச் செல்வோருக்குக் கூடுதல் பேருந்து கேட்டு மனு எழுத எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் முடிவு செய்தபோது, மனுவில் எண்ணிக்கை இருந்தால்தான் மேசையைத் தாண்டும் என்று பெரியவர்கள் சொல்ல, அந்த எண்ணிக்கையைத் தேடித்தான் இந்தக் கோப்புகளைத் திறந்தேன். புள்ளியியல் என் தொழில் இல்லை. ஒரு பயனாளியாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லைக்கோட்டைத் தாண்டியவர்களைக் கணக்கில் வைப்பதில் இந்த அட்டவணைகள் கெட்டியானவை. சாலையில் தினமும் போய்வருபவர்களைக் கணக்கில் வைப்பதில் சோடை போகின்றன. எல்லையும் சாலையும் நம்மூரைப்போல் பின்னிக் கிடக்கும் பகுதியில் இந்தக் குறை மற்ற இடங்களைவிட அதிகமாகத் தெரிகிறது.

பி-28-இல் தொடங்குகிறேன். அட்டவணையில் தமிழ்நாட்டுக்கு 33, கடலூர் மாவட்டத்துக்கு 617, புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு 34, அதற்குள் புதுச்சேரி மாவட்டத்துக்கு 635 என்று குறியீடுகள் உள்ளன. இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருப்பார்கள் என்று ஊகித்துத் தேடுவதைவிடக் குறியீட்டைத் தேடுவது எளிது. தமிழில் ஒரு தலைப்பும் கிடையாது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மொத்தம், ஊரகம், நகரம் என மூன்று பகுதிகள் வருகின்றன; தூரம் பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது: பயணமே இல்லாதவர், ஒரு கிலோமீட்டர் வரை, 2 முதல் 5, 6 முதல் 10, 11 முதல் 20, 21 முதல் 30, 31 முதல் 50, அதற்கும் மேல். இதோடு நடை, சைக்கிள், இருசக்கர வண்டி, கார் அல்லது ஜீப், ஆட்டோ அல்லது டெம்போ, பேருந்து, ரயில், நீர்வழி என்று பயண முறைகள் குறுக்கே ஓடுகின்றன. ஆண், பெண் பிரிவும் உண்டு. தலைப்பு பல வரிசைகளில் ஒட்டவைத்த கட்டங்களாக இருப்பதால், வரிசைப்படுத்தவோ வடிகட்டவோ வேண்டுமானால் முதலில் அந்தத் தலைப்பைப் பிரித்து ஒற்றை வரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டுகிறேன். மாதிரிக் கணக்கெடுப்பில் கடலூர் போன்ற ஒரு மாவட்டத்துக்குச் சில நூறு வீடுகள் அகப்பட்டால் பெரிது. இங்கே வீடு வீடாகக் கேட்ட பதில்கள் மாவட்ட அளவில், ஊரகம் நகரம் பிரித்து, ஆண் பெண் பிரித்துக் கிடைக்கின்றன. இந்தக் கேள்விக்கு உட்பட்ட சுமார் 20 கோடிப் பேரில் பத்துக்கு மூன்று பேர் வேலைக்காக எங்கும் பயணம் செய்வதே இல்லை என்பதும், பயணம் செய்வோரில் நடந்து போகிறவர்களே முதலிடம், அடுத்து சைக்கிள், கார் எங்கோ கடைசியில் என்பதும் இந்த அட்டவணையால்தான் உறுதியாகத் தெரிந்தது. மேம்பாலத்தைப் பற்றி மட்டுமே பேசி நடைபாதையை மறந்துவிடுகிற திட்டக் கூட்டங்களில் காட்ட இதைவிட நல்ல ஆவணம் இல்லை. பெண்களின் வரிசையையும் ஆண்களின் வரிசையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், யாருக்கு நடை, யாருக்கு வண்டி என்பதை விளக்கவுரையே இல்லாமல் படித்துவிடலாம்.

இனி என் தேவைக்கு வருகிறேன். கடலூரிலிருந்து புதுச்சேரி 22 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஆகவே 21 முதல் 30 வரையிலான கட்டத்தில் பேருந்து என்ற நிரலைப் பார்த்தால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கேள்வி தூரத்தையும் வாகனத்தையும் கேட்டதே தவிர, எந்த ஊருக்குச் செல்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கடலூரிலிருந்து பண்ருட்டியும் ஏறத்தாழ அதே தூரம். வடக்கே புதுச்சேரிக்குப் போகிறவரும் மேற்கே பண்ருட்டிக்குப் போகிறவரும் ஒரே கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அதற்கடுத்த கட்டத்தில் நெய்வேலி, சிதம்பரம், விழுப்புரம் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. திசை இல்லாத தூரத்தை வைத்துக்கொண்டு எந்தத் தடத்துக்குப் பேருந்து கேட்பது?

இன்னொரு பக்கம், புதுச்சேரிப் பகுதிக்குள் வேலைக்குச் செல்லும் கடலூர்க்காரர்கள் ஒரே கட்டத்தில் இருப்பதும் இல்லை. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி முள்ளோடையில் எல்லை வந்துவிடுகிறது. பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் உள்ள மருத்துவக் கல்லூரிகளில் வேலை செய்பவர்கள் 6 முதல் 10 வரையிலான கட்டத்தில் வருவார்கள். அரியாங்குப்பத்துக்குச் செல்பவர் 11 முதல் 20-இல். நகரத்துக்கும் கோரிமேட்டு ஜிப்மருக்கும் செல்பவர்கள் 21 முதல் 30-இல். காலை ஏழரை மணிப் பேருந்தில் செவிலியர் சீருடையோடு ஒரே இருக்கையில் அமர்ந்து செல்லும் மூன்று பெண்கள், அட்டவணையில் மூன்று வெவ்வேறு நிரல்களில் சிதறிப்போவார்கள். ஒரே சாலை, ஒரே பேருந்து, ஒரே நேரம் என்பது அட்டவணைக்குத் தெரியாது. நேரத்தையும் அது கேட்கவில்லை.

ஒரு நிரல் மட்டும் தெளிவாக உதவியது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நேரடி ரயில் பாதை கிடையாது. விழுப்புரம் சுற்றித்தான் போக வேண்டும், அப்படித் தினமும் போகிறவர் யாரும் இருக்க மாட்டார். ஆகவே கடலூர் மாவட்டத்தில் ரயில் என்று பதிவானவர்களை விழுப்புரம், மயிலாடுதுறைத் தடத்திலோ விருத்தாசலம் வழியிலோ செல்பவர்கள் என்று கொண்டு, என் கணக்கிலிருந்து துணிந்து கழித்துவிடலாம். இல்லாத பாதை கொடுத்த ஒரே நன்மை அது.

மாவட்டம் என்ற அளவும் நமக்கு ஒத்துவரவில்லை. கடலூர் மாவட்டத்தின் நகரப் பகுதி என்றால் கடலூர், பண்ருட்டி, சிதம்பரம், விருத்தாசலம், நெய்வேலி எல்லாம் சேர்ந்தது. நெய்வேலி நகரியத்தில் குடியிருந்து சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் போகிற ஆயிரக்கணக்கானோரின் பழக்கமும், திருப்பாப்புலியூரில் குடியிருந்து பாண்டிக்குப் போகிறவரின் பழக்கமும் ஒரே கூட்டுத்தொகைக்குள் அடங்கிவிடுகின்றன. கிராம அளவில் இந்த அட்டவணை இல்லை. புதுச்சேரி மாவட்டமோ ஒரே நிலப்பரப்பாகவே இல்லாமல், தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது.

யாரைக் கேட்கவில்லை என்பதும் முக்கியம். பயணக் கேள்வி 'பிற தொழிலாளர்' என்ற பிரிவுக்கு மட்டும் உரியது. சாகுபடி செய்வோர், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர் ஆகியோருக்கு இந்தக் கேள்வி இல்லை. நாற்று நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் குட்டியானையில் நெருக்கியடித்து நின்றபடி பாகூர்ப் பக்கம் எல்லை தாண்டிப் போகிறவர்கள் இந்த அட்டவணையின்படி எங்குமே போகவில்லை. கல்லூரிக்கும் பள்ளிக்கும் செல்லும் மாணவர்களும் இதில் இல்லை. காலைப் பேருந்தில் பாதிக் கூட்டம் அவர்கள்தான். மீனவர்கள் 'பிற தொழிலாளர்' பிரிவில் வருகிறார்கள். ஆனால் தேவனாம்பட்டினத்துப் படகோட்டி ஒருவர் வீட்டிலிருந்து வேலையிடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொல்வார்? கரை வரையா, வலை வீசும் இடம் வரையா? பெட்ரோலுக்காகவும் வேறு சில திரவங்களுக்காகவும் முள்ளோடை வரை போய்வருகிறவர்களை எந்தக் கணக்கெடுப்பும் கேட்கப்போவதில்லை. அந்தக் கடைகளின் விற்பனைப் பேரேட்டில்தான் அவர்களைத் தேட வேண்டும்.

'டி' வரிசைக்கு வருவோம். இது பி-28-ஐவிடப் பழமையான, அனுபவம் உள்ள தொகுதி. பிறந்த இடம் டி-1-இல். கடைசியாகக் குடியிருந்த இடம், இங்கே வந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்பவை டி-2-இல். அதோடு காரணத்தையும் சேர்த்தால் டி-3. காரணங்கள் ஏழு: வேலை, வணிகம், கல்வி, திருமணம், பிறந்தபின் இடம் மாறியது, குடும்பத்தோடு வந்தது, பிற. நாடு முழுவதும் சுமார் 45 கோடிப் பேர் இடம்பெயர்ந்தவர்கள் என்று 2011-இல் கணக்கு வந்தது. நூற்றுக்கு 37 பேருக்கும் மேல். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்குக் காரணம் திருமணம். மாநிலம் விட்டு மாநிலம் போனவர்கள் ஐந்தரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. இடப்பெயர்வு என்றதும் வடமாநிலத்திலிருந்து வரும் கட்டடத் தொழிலாளியை மட்டும் நினைத்துக்கொள்கிறவர்கள், வாக்கப்பட்டுப் பக்கத்து ஊருக்குப் போன தங்கள் அம்மாவும் அந்த 45 கோடியில் ஒருவர் என்பதை இந்த அட்டவணையைப் பார்த்தபின் ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் புதுச்சேரிக் கோப்பைத் திறக்கும்போது ஓர் எச்சரிக்கையோடு திறக்க வேண்டும். ரெட்டிச்சாவடியில் பிறந்த பெண் சில கிலோமீட்டர் தள்ளிப் பாகூரில் வாழ்க்கைப்பட்டால், அவர் மாநிலம் விட்டு மாநிலம் இடம்பெயர்ந்தவர். காட்டுமன்னார்கோயிலிலிருந்து கடலூருக்கு வந்தவர், அதைவிடப் பல மடங்கு தூரம் வந்திருந்தாலும், மாவட்டத்துக்குள்ளேயே நகர்ந்தவர். கோதாவரிக் கரையில் இருந்தாலும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த ஏனாமிலிருந்து 800 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து புதுச்சேரியில் குடியேறியவரோ, அட்டவணையில் ஒரே மாநிலத்துக்குள் மாவட்டம் மாறியவர். மாகேயிலிருந்து வந்தவரும் அப்படியே. புதுச்சேரியில் வெளிமாநிலத்தவர் பங்கு அதிகம் என்று யாராவது இந்த எண்ணை மேடையில் வீசினால், அது பெரும்பாலும் நிலவரைபடத்தின் குணம், மக்களின் குணம் அன்று என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 2011-இல் ஒன்றியப் பகுதியின் மொத்த மக்கள்தொகையே 12,47,953. அதில் புதுச்சேரி மாவட்டத்தில் மட்டும் 9,50,289. பக்கத்திலுள்ள கடலூர் மாவட்டத்தில் 26,05,914 பேர். இவ்வளவு சிறிய நிலப்பரப்பைச் சுற்றி இவ்வளவு பெரிய மக்கள்தொகை இருந்தால், சாதாரணக் கல்யாணப் பேச்சுகூட மாநிலங்களுக்கிடையிலான விவகாரமாகிவிடும்.

இதில் என்னை மிகவும் ஏமாற்றியது இதுதான்: 635-ஆம் மாவட்டமான புதுச்சேரியின் அட்டவணையில் தமிழ்நாடு என்பது ஒரே ஒரு வரி. கடலூர், விழுப்புரம், திருநெல்வேலி எல்லாம் அந்த ஒரே வரிக்குள். கணக்கெடுப்புப் படிவத்தில் முந்தைய வசிப்பிடத்தின் மாவட்டப் பெயரையும் கேட்டு எழுதுகிறார்கள், தகவல் திரட்டப்படுகிறது. வெளியிடும்போதுதான் மாநிலமாகச் சுருக்கிவிடுகிறார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் எத்தனை பேர் சென்றனர் என்ற கட்டம் கட்டிய ஒரு பொது அட்டவணை இருந்தால் என் மனுவுக்கு மட்டுமில்லை, சீட்டு நிதி நிறுவனம் கிளை தொடங்குவது முதல் ரேஷன் அட்டை மாற்றத்துக்கு எத்தனை ஊழியர் வேண்டும் என்பது வரை எல்லாவற்றுக்கும் பயன்படும். பிரிட்டனில் 2011 கணக்கெடுப்பிலிருந்து எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வேலைக்குச் செல்கிறார்கள் என்பதைச் சிறு பகுதிகள் அளவில் வெளியிட்டார்கள்; அமெரிக்காவிலும் கவுன்டிக்குக் கவுன்டி அப்படிப்பட்ட கணக்கு உண்டு. செய்ய முடியாத காரியமாக இதை யாரும் சொல்ல முடியாது.

காரணங்களின் பட்டியலிலும் நம் கடற்கரைக்கு ஒரு வருத்தம் உண்டு. 1991-இல் இயற்கைச் சீற்றம் ஒரு தனிக் காரணமாக இருந்தது. 2001-இல் அதை நீக்கிவிட்டுப் பிறந்தபின் இடம் மாறியது என்பதைச் சேர்த்தார்கள். 2011-இலும் அப்படியே தொடர்ந்தது. இடையில் 2004 டிசம்பர் 26 வந்துபோனது. கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குப்பங்கள் கரையிலிருந்து உள்ளே தள்ளி மீண்டும் கட்டப்பட்டன. பிச்சாவரத்தை ஒட்டிய எம்ஜிஆர் திட்டு மக்கள் கிள்ளைப் பக்கம் வந்து குடியேறினார்கள். ஆறே ஆண்டு கழித்து நடந்த கணக்கெடுப்பில் இவர்களுடைய இடமாற்றத்துக்குச் சொல்ல ஒரு காரணமே இல்லை. ஒரே கிராம எல்லைக்குள் மாறியிருந்தால் அது இடப்பெயர்வே ஆகாது. கிராமம் மாறியிருந்தால் குடும்பத்தோடு வந்தது அல்லது பிற என்ற கட்டத்தில் கரைந்துவிடும். நம் கடற்கரைக்கு இந்தக் காரணம் மிகவும் தேவைப்பட்ட கணக்கெடுப்பு அதுதான். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது கணக்கெடுப்பு முடிந்து பத்து மாதம் ஆகியிருந்தது. 2015 வெள்ளமும் அதற்குப் பிறகுதான்.

பிறந்தபின் இடம் மாறியது என்ற புதிய காரணம் நம்மூருக்கு வேறு விதத்தில் வேடிக்கையானது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது இன்னும் வழக்கம். சிக்கலான பிரசவமென்றால் கடலூரிலிருந்து ஜிப்மருக்குத்தான் அனுப்புகிறார்கள். கோரிமேட்டில் பிறந்து சில நாளில் கடலூருக்குத் துணித்தொட்டிலில் ஆடத் திரும்பிவிடும் குழந்தை, கண் திறந்த வாரத்திலேயே மாநிலம் கடந்த இடம்பெயர்ந்தவராகப் பதிவாகிவிடுகிறது. பிறந்த இடத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்ட டி-1-ஐவிட, இப்படிப்பட்டவர்களைக் காரணத்தை வைத்துத் தனியே பிரித்துவிட வழிசெய்யும் டி-3-ஐ நான் அதிகம் நம்புவதற்கு இதுவே காரணம். அதிலும் காரணத்தோடு காலத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. இருபது ஆண்டுக்கு முன் வந்தவர்களைக் கழித்துவிட்டு ஐந்தாண்டுக்குள் வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், வேலைக்காக வந்தவர்களின் பங்கு சற்றுத் தெளிவாகத் தெரியும்.

பெண்களின் வேலை இந்தக் காரணப் பட்டியலில் மறைந்துபோவதையும் சொல்லியாக வேண்டும். சிதம்பரத்தில் படித்து, புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஆசிரியையாக இருப்பவருக்கு ஒரே காரணம்தான் எழுதப்படும். அது திருமணமாகத்தான் இருக்கும். பதிலைச் சொல்வதும் பெரும்பாலும் குடும்பத் தலைவர்தான்.

வெளிநாடு போனவர்கள் இதில் அறவே இல்லை. கணக்கெடுப்புக் காலம் முழுவதும் ஊரில் இல்லாதவர் ஊர்க்கணக்கில் வரமாட்டார். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் அனுப்பாத தெரு பரங்கிப்பேட்டையில் எது? அவர்கள் அனுப்பும் பணத்தில் கட்டிய வீடுகள் வீட்டுப் பட்டியலில் இருக்கின்றன, அவர்கள் இல்லை. அதுபோலவே சில மாதங்களுக்குச் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ போய்த் திரும்புவோரைப் பிடிப்பதற்கும் இந்த அட்டவணை ஏற்றதன்று. அதற்குத் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 2007–08 சுற்றையே பார்க்க வேண்டும். 2020–21 தொழிலாளர் கணக்கெடுப்பிலும் இடப்பெயர்வுக் கேள்விகள் சேர்க்கப்பட்டன. அதன்படி நாட்டில் நூற்றுக்கு 28.9 பேர் இடம்பெயர்ந்தவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 37-உடன் இதை ஒப்பிட்டு இடப்பெயர்வு குறைந்துவிட்டது என்று சொல்லக் கூடாது. கேட்ட முறையும் வரையறையும் வேறு. 2016–17 பொருளாதார ஆய்வறிக்கை இன்னொரு வழியைப் பிடித்தது. முன்பதிவில்லா ரயில் பயணிகளின் கணக்கிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் நகர்கிறார்கள் என்று மதிப்பிட்டது. ரயிலே இல்லாத நம் தடத்துக்கு அந்த உத்தியைக் கடன் வாங்கினால், பேருந்து நடத்துநரின் டிக்கெட் இயந்திரத்தில்தான் போய் நிற்க வேண்டும். மனுவை முடித்ததும் அப்படித்தான்: பி-28-இலிருந்து பேருந்துப் பயணிகளின் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, தடத்தின் எண்ணிக்கைக்குக் காலை நேர டிக்கெட் விவரத்தைத் தமிழ்நாடு, புதுச்சேரி அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இரண்டுமே வெளியிட வேண்டும் என்ற கோரிக்கையைச் சேர்த்தோம்.

பழைய சரக்கு என்பதுதான் கடைசிக் குறை. 2011 மார்ச் 1-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்கள் இவை. இடப்பெயர்வு அட்டவணைகள் வெளிவரவே பல ஆண்டுகள் பிடித்தன. அதன் பிறகு விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறையும் பிரிந்துவிட்டன. கடலூர் நகராட்சி 2021-இல் மாநகராட்சியாகிவிட்டது. 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை. பயணக் கணக்கைப் பொறுத்தவரை அதில் ஒரு நன்மையும் உண்டு என்பேன். இங்கிலாந்தில் 2021 மார்ச்சில் ஊரடங்குக்கு நடுவே கணக்கெடுத்ததால், வேலைக்குச் செல்லும் பயண எண்கள் வழக்கத்துக்கு மாறாக வந்துவிட்டன.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். மாவட்டங்களை ஒப்பிட விரும்பும் மாணவருக்கும் செய்தியாளருக்கும் பி-28 கையில் இருக்க வேண்டிய கோப்பு. திருமண இடப்பெயர்வைப் பற்றி எழுதுபவருக்கு டி-3-க்கு மாற்றே இல்லை. குறிப்பிட்ட ஒரு தடத்துக்குப் பேருந்தோ, ஒரு பாலத்துக்கு அகலமோ கேட்கிறவர் இதை மட்டும் நம்பிப் போனால் வெறுங்கையோடு திரும்புவார்.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என்று 2025 ஜூனில் அறிவிப்பு வந்துள்ளது. பயணக் கேள்வி 2011-இல் இருந்தபடியே வருமானால், கேட்கப்படுவது ஒருவழித் தூரம்தான் என்பதைக் கடலூர், புதுச்சேரி மக்கள் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. போகவரச் சேர்த்து 44 என்று சொல்லிவிட்டால், தினமும் பாண்டிக்குப் போகிறவர் அட்டவணையில் விழுப்புரத்துக்கும் நெய்வேலிக்கும் போகிறவர்களோடு 31 முதல் 50 வரையிலான கட்டத்தில் சேர்ந்துவிடுவார்.